தலையாட்டும் அத்தையும் ஒரு தாளும்

அத்தைக்குக் காது மந்தம் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு மந்தம் என்பதுதான் தெரியாமல் இருந்தது. அவர் அவ்வளவு நன்றாகத் தலையாட்டுவார். எதிரே இருப்பவர் பேசி முடித்ததும் ஒரு சின்னச் சிரிப்பு, "சரிங்க" என்று ஒரு ஆட்டல். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்றுதான் தோன்றும்.

மருத்துவமனையிலும் அப்படித்தான் ஆட்டியிருக்கிறார். சர்க்கரை மாத்திரை காலையில் ஒன்று, இரவில் பாதி என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அத்தை இரண்டு வேளையும் முழுதாகப் போட்டார். நாலாம் நாள் விடியற்காலையில் சர்க்கரை இறங்கி அடுப்படியில் சரிந்து கிடந்தார். பக்கத்து வீட்டு அக்கா பார்த்ததால் பிழைத்தார்.

குன்னூருக்குக் கீழே, தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில் ஒன்றில்தான் அத்தை இருக்கிறார். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. கொழுந்து பறித்தே ஓய்வு பெற்றவர். 74 வயது, தனி ஆள், தனி ரேஷன் கார்டு. ரோட்டிலிருந்து வீட்டுக்கு நாற்பது படி இறங்க வேண்டும்.

மயக்கத்துக்கு அப்புறம், எங்கெங்கே போகிறாரோ அங்கெல்லாம் காது விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். முதலில் மாற்றுத்திறனாளி அட்டைக்கு முயன்றேன். அது சரிப்படவில்லை. 2016 சட்டப்படி இரண்டு காதிலும் 60 டெசிபலாவது இழப்பு இருக்க வேண்டும். அத்தைக்கு இடது காது அடியோடு போய்விட்டது, ஆனால் வலது காதில் இழப்பு 50 பக்கம்தான். சட்டத்தின் கணக்கில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

சரி, அட்டை இல்லாவிட்டால் போகிறது, ஒரு தாளில் எழுதிக் கொடுப்போம் என்று உட்கார்ந்தேன். ஒரு பக்கம் நிறைய எழுதினேன்: சர்க்கரை, முட்டி வலி, கண்புரை அறுவை, காது கேளாதவர், தனியாக வசிக்கிறார். வலது காதுப் பக்கம் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். அத்தை முகம் சுருங்கிவிட்டது.

"இதை யார் யாருக்குக் குடுக்கப் போற புள்ள?"

பேங்க், ரேஷன் கடை, கேஸ் ஏஜென்சி, ஆஸ்பத்திரி என்றேன்.

"கேஸ்காரனுக்கு என் சக்கரை எதுக்கு? ஒத்தையா இருக்கேன்னு ஊருக்கெல்லாம் எழுதிப் போடுவியா?"

பேனாவை வாங்கி 'தனியாக வசிக்கிறார்' என்ற வரியை அவரே அடித்தார். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மூணாம் வகுப்பு படித்தவர், தமிழ் நன்றாகவே வாசிப்பார். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அத்தையின் நோயையெல்லாம் எழுதியிருந்தேன், எதிரே இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி இல்லை. 'காது கேளாதவர்' என்று படிக்கிற கவுன்டர்காரர் என்ன செய்வார்? இன்னும் சத்தமாகக் கத்துவார். கத்தினால் அத்தைக்கு இன்னும் புரியாது.

இரண்டு நாள் அடித்துத் திருத்தி, கடைசியில் நின்றது இவ்வளவுதான்:

'வலது காதுப் பக்கம் வந்து, முகம் பார்த்து நிதானமாகப் பேசவும். தொகை, தேதி, மாத்திரை அளவைத் தமிழில் பெரிதாக எழுதிக் கொடுக்கவும். போனில் பேச இயலாது, குறுஞ்செய்தி அனுப்பவும். தலையாட்டினால் புரிந்தது என்று அர்த்தமில்லை. திருப்பிச் சொல்லச் சொல்லவும்.'

கடைசி வரிக்கு அத்தை முதலில் ஒப்பவில்லை. அப்புறம் மாத்திரை ஞாபகம் வந்ததோ என்னவோ, "இருக்கட்டும்" என்றார். சர்க்கரை பற்றிய வரி ஆஸ்பத்திரிப் பிரதியில் மட்டும்.

பேங்கில் கவுன்டரில் இருந்தவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் ஃபார்ம் இல்லையே மேடம்" என்றார். 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே சொல்லியிருப்பதை எடுத்துச் சொன்னேன். நாற்பது படி இறங்கி யார் வரப் போகிறார்கள், அது வேறு கதை. ஆனால் அந்தப் பேச்சால் உள்ளே இருந்த ஒரு அம்மா எழுந்து வந்தார். தாளைப் பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்தி, கணக்கு விவரத்தில் குறிப்பாகவும் ஏற்றினார். முத்திரை குத்திய பிரதியை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். வாயால் சொன்னது அடுத்த ஷிஃப்டுக்குப் போய்ச் சேராது.

ரேஷனுக்குத்தான் நான் நினைத்தே பார்க்காத சிக்கல். 2025 ஆகஸ்ட்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் அத்தைக்குப் பொருள் வீட்டுக்கே வரும். வந்தார்கள், கதவைத் தட்டினார்கள், பதில் இல்லை, போய்விட்டார்கள். அத்தை உள்ளேதான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கடையில் கொடுத்த பிரதியில் ஒரு வரி சேர்த்தோம்: 'கதவைத் தட்டினால் கேட்காது, பக்கவாட்டு சன்னலில் நின்று கையசைக்கவும்.' அடுத்த மாதம் வந்த பையன் சன்னலில் ரெண்டு கையையும் ஆட்டியதில், குரங்கு என்று நினைத்து அத்தை துடைப்பத்தைத் தூக்கியிருக்கிறார். பொருள் வந்து சேர்ந்தது.

பி.எஃப். பென்ஷனுக்கு வருஷா வருஷம் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். கொழுந்து கிள்ளிக் கிள்ளித் தேய்ந்த விரல், ரேகை விழாது. போன் கேமராவில் முகத்தைக் காட்டியும் செய்யலாம், ஆனால் நடுவில் கண்ணைச் சிமிட்டச் சொல்லும். செய்து கொடுக்க வந்தவர் "கண்ணு, கண்ணு" என்று கத்தக் கத்த, அத்தை சிரித்துத் தலையாட்டினார். வந்தவரிடம் தாளைக் காட்டினேன். படித்துவிட்டு போனைக் கொஞ்சம் தாழ்த்தி, தன் கண்ணை மெதுவாகச் சிமிட்டிக் காட்டினார். அத்தையும் சிமிட்டினார். முடிந்தது.

கேஸ் ஏஜென்சியில் தாளை வாங்கி மேஜை டிராயரில் போட்டார்கள். இன்னும் போன்தான் செய்கிறார்கள்.

பேங்கில் உதவிய அம்மா இப்போது மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்திருப்பவர் கணினிக் குறிப்பைப் பார்ப்பாரா என்று தெரியவில்லை, இன்னொரு பிரதி கொடுத்துவிட வேண்டும். தாள் தொலைந்து போனால் நகல் எடுக்க எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று, அத்தை பத்துப் பிரதியை பால் கவரில் சுருட்டி அரிசி டின் மேல் வைத்திருக்கிறார்.