மிக்ஸியும் நெருப்புப் படமும்

சமையலறைச் சாதனங்கள் விற்கும் ஒரு நிறுவனத்தின் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களைப் பார்த்துக்கொள்வது எங்கள் ஏஜென்சியின் வேலை. பதிவு போட ஒரு குழு, கீழே வரும் கமென்ட்டுகளுக்கும் இன்பாக்ஸுக்கும் பதில் சொல்ல இன்னொரு குழு. நான் பதில் சொல்லும் குழுவில் இருக்கிறேன். குக்கர் கேஸ்கெட்டைப் பற்றி மனிதர்கள் எவ்வளவு உணர்ச்சிவசப்படுவார்கள் என்பது இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

வரும் கமென்ட் ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை குறிக்க வேண்டும்: பாராட்டு, கேள்வி, புகார், அவசரம். குக்கர் வெடித்தது, மிக்ஸியில் புகை வந்தது, கிரைண்டரைத் தொட்டால் ஷாக் அடித்தது போன்றவைதான் அவசரம். முதலில் ஒரு மென்பொருள் தானாகப் பிரிக்கும், அப்புறம் நாங்கள் சரிபார்ப்போம். அவசரம் என்று விழுந்த மறு நிமிடம் சர்வீஸ் பிரிவு மேலாளரின் போனுக்குச் செய்தி போய்விடும். அந்த மென்பொருளோடு ஒரு எமோஜிப் பட்டியலும் வந்தது. அதில் 🔥 ஆபத்து, 💀 ஆபத்து, 😭 வருத்தம், 👏 பாராட்டு, 🙏 நன்றி. யாரோ நல்ல மனதோடு, ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகப் பார்த்துத் தயாரித்தது அது.

புதிய மிக்ஸி ஒன்றின் விளம்பரம் வெளியான அன்றைக்குப் பட்டியல் திணறிவிட்டது. ‘மிக்ஸி 🔥🔥’ என்று வரிசையாகக் கமென்ட்டுகள். செம, வேற லெவல் என்கிற அர்த்தத்தில் வாலிபப் பசங்க போட்டவை. மேலாளருக்குப் போன செய்திகளைப் பார்த்தால் ஊர் ஊராக மிக்ஸி பற்றி எரிவது போல இருந்தது. போன் செய்து, “என்னம்மா, இன்னும் கடைக்கே வரலையே, அதுக்குள்ள எப்படி எரியுது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி.

சினிமா டிரெய்லருக்குக் கீழே யாராவது நெருப்பு போட்டால் தியேட்டர் எரிகிறது என்று எவரும் நினைக்க மாட்டார்கள். மிக்ஸிக்குக் கீழே போட்டால் நினைக்கத்தான் வேண்டும். மோட்டார் சூடாகி நிஜமாகவே கருகும் பொருள் அது. அதனால் நெருப்பைப் பட்டியலிலிருந்து அப்படியே தூக்கிவிடவும் முடியாது. நாங்கள் செய்தது, அதன் பக்கத்தில் இருக்கும் படத்தைப் பார்த்தது. 🔥🔥 என்று இரண்டு மூன்றாக, தனியாக வந்தால் பாராட்டு. 🔥😡 என்று வந்தால் உடனே கூப்பிட வேண்டும். 🔥❤️ கவலையில்லை. 🔥💨 வந்தால்தான் தலைவலி. புகையா, வேகமா? ‘மாவு அஞ்சு நிமிஷத்துல ரெடி 🔥💨’ என்று எழுதியவரும் உண்டு, ‘ஆன் பண்ணதும் 🔥💨’ என்று எழுதியவரும் உண்டு. இரண்டாமவரிடம் கேட்டால் மோட்டாரிலிருந்து புகை வந்ததாகச் சொன்னார். இன்றுவரை 🔥💨 வந்தால் ஆள் கையில்தான் போகும், மென்பொருள் தொடக் கூடாது.

மண்டையோட்டு விஷயம் இன்னும் வேடிக்கை. குக்கர் படம் போட்ட பதிவுக்குக் கீழே ஒரு கல்லூரிப் பெண், ‘எங்க அம்மா விசில் எண்ணிக்கிட்டே தூங்கிட்டாங்க 😭💀’ என்று எழுதியிருந்தாள். குக்கர், அழுகை, மண்டையோடு. மென்பொருளின் கணக்கில் இது உயிரிழப்பு. எங்கள் குழுவில் எல்லோருக்கும் இளையவள் எட்டிப் பார்த்துவிட்டு, “அக்கா, இது சிரிப்பு. சிரிச்சே செத்துட்டேன்னு அர்த்தம்” என்றாள். அப்போ அழுகை? “அதுவும் சிரிப்புதான்.”

2015இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் ஆண்டின் சொல்லாக ஒரு படத்தை, கண்ணீர் வரச் சிரிக்கும் 😂 முகத்தை, தேர்ந்தெடுத்தார்கள். அது புகழின் உச்சிக்குப் போனதே அதற்கு வினையாகிவிட்டது. அம்மா, பெரியப்பா, குடும்ப வாட்ஸ்ஆப் குரூப் என்று எல்லோரும் போடத் தொடங்கியதும் இளசுகள் அதைக் கைவிட்டு 😭க்கும் 💀க்கும் போய்விட்டார்கள். எங்கள் கமென்ட் பெட்டியில் வயதைக் கண்டுபிடிக்க இதைவிட நம்பகமான வழி கிடையாது. 😂😂😂 என்றால் நாற்பதைத் தாண்டியவர். 💀 என்றால் கல்லூரி. 💐🙏🌹 என்று மாலையே கட்டியிருந்தால் ஓய்வுபெற்றவர், காலை வணக்கமும் சேர்த்துச் சொல்லியிருப்பார். (அவர்களுக்கு நான் தவறாமல் பதில் போடுவேன். கேள்வியே கேட்காமல் வாழ்த்துகிற வாடிக்கையாளர்கள் அரிது.)

பட்டியலில் பாராட்டு, நன்றி என்று இருந்த படங்கள்தான் உண்மையில் எங்களை அதிகம் ஏமாற்றின. ‘சூப்பர் சர்வீஸ் 👏👏🙏’ என்று ஒருவர் எழுதுகிறார். மென்பொருள் பாராட்டு என்று பச்சை காட்டுகிறது. மெக்கானிக் வருவார் வருவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர் அவர். கைதட்டலுக்குப் பின்னால் கும்பிடு வந்தால் நம் ஊரில் அது பெரும்பாலும் ‘உங்க சங்காத்தமே வேண்டாம்’ கும்பிடு. 😂🙏 என்றால் ‘ஆள விடுங்க சாமி’. 🙏💐 மட்டும்தான் நிஜமான மரியாதை. கும்பிடு ஒன்றுதான், அதற்கு முன்னால் நிற்கும் முகம்தான் அது வணக்கமா, நன்றியா, ஒதுங்கிக்கொள்வதா என்று சொல்கிறது. வீட்டுக் கல்யாணத்தில் ஒருவர் கும்பிடும்போது நாம் கையைப் பார்ப்பதில்லை, முகத்தைத்தான் பார்க்கிறோம். இங்கேயும் அதே பழக்கம்தான்.

அப்புறம் 🙂. லேசாகச் சிரிக்கும் இந்த முகத்தை மென்பொருள் மகிழ்ச்சி என்று எடுத்துக்கொள்கிறது. ‘நாலாவது தடவையா கம்ப்ளெய்ன்ட் நம்பர் தரேன் 🙂’ என்ற வரியைப் படித்த எவருக்கும் அது மகிழ்ச்சி இல்லை என்று தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது போன்றது. சீனாவின் வீசாட் என்ற உரையாடல் செயலியிலும் இளைஞர்கள் இந்தப் புன்னகையைக் குத்தலுக்குத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று படித்தபோது ஒரு நிம்மதி வந்தது, நம் ஆட்கள் மட்டும் இப்படி இல்லை. ஆனால் எங்கள் சர்வீஸ் மேலாளரும் அதே 🙂 முகத்தைத்தான் போடுவார், முழு அன்போடு. ‘நாளைக்குப் பார்ட் வந்துடும் 🙂’ என்று அவர் அனுப்பினால் குழுவில் இளையவர்கள் வெளிறிப்போவார்கள், சார் கோபமா இருக்காரா என்று. இல்லை, சார் சிரிக்கிறார். அவ்வளவுதான்.

மேலிடத்திலிருந்து இன்னொரு பட்டியலும் வந்திருந்தது. ஆபாசமான படங்கள் இருந்தால் கமென்ட்டைத் தானாக மறைக்கும் பட்டியல். அதில் முதலிடத்தில் 🍆. அமெரிக்காவில் இந்தப் படத்துக்கு என்ன அர்த்தம் என்று பலருக்கும் தெரிந்திருக்கும், 2015இல் இன்ஸ்டாகிராம் இந்தப் படத்தை ஹேஷ்டேகாகத் தேட முடியாதபடி தடுத்தே வைத்தது. ஆனால் கடாய் விற்கும் பக்கத்தில்? ‘எண்ணெய்க் கத்திரிக்காய்க்கு இதுதான் சரியான கடாய் 🍆😋’ என்று ஒரு அம்மா எழுதியது மறைந்துபோயிற்று. அவர் இன்பாக்ஸில் வந்து, நல்லதுதானே சொன்னேன், ஏன் எடுத்துவிட்டீர்கள் என்று வருத்தத்தோடு கேட்டார். காரணத்தை எப்படிச் சொல்வது? தொழில்நுட்பக் கோளாறு மேடம் என்று சொல்லிக் கமென்ட்டைத் திரும்பக் கொண்டுவந்தோம். கத்திரிக்காயைத் தடைப் பட்டியலிலிருந்து எடுக்கக் கேட்டு நான் அனுப்பிய மின்னஞ்சலில் சாம்பார், கொத்சு, வாங்கிபாத், பொரியல் என்று எல்லாவற்றையும் ஆதாரமாக அடுக்கியிருந்தேன். கடைசியில் ஒரு சமரசம்: 🍆 தனியாகவோ இன்னொரு சாப்பாட்டுப் படத்தோடோ வந்தால் விடலாம், 💦 சேர்ந்து வந்தால் மறைக்கலாம். இதிலும் ஒரு ஓட்டை உண்டு. கத்திரிக்காய் கழுவுவதைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை.

எழுதுபவரின் மனம் ஒரு பக்கம் இருக்க, போன் என்ற கருவியே உண்டாக்கும் குழப்பம் இன்னொன்று. சில எமோஜிகள் உள்ளுக்குள் இரண்டு படங்களால் ஆனவை. பெருமூச்சு விடும் 😮‍💨 முகம், வாய் திறந்த முகத்தையும் காற்றுப் படத்தையும் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறியால் ஒட்டியது. பற்றி எரியும் இதயம் ❤️‍🔥, இதயமும் நெருப்பும் ஒட்டியது. இரண்டும் 2020இல், எல்லாப் போன்களுக்கும் பொதுவான எழுத்து, எமோஜிப் பட்டியலான யூனிகோடில் சேர்ந்தன. பழைய போனிலோ பழைய மென்பொருளிலோ ஒட்டு தெரியாது, தனித்தனியாக உடைந்து வரும். எங்கள் மென்பொருள் அந்த ரகம். ஒருவர் மனம் நிறைந்து எரியும் இதயத்தை அனுப்ப, எங்கள் திரையில் இதயம் தனி, நெருப்பு தனி, கூடவே ஓர் எச்சரிக்கை மணி. ஒரே படத்தை ஒவ்வொரு போன் நிறுவனமும் ஒவ்வொரு மாதிரி வரைவதும் உண்டு. ஆப்பிள் 2016இல் துப்பாக்கியைத் தண்ணீர்த் துப்பாக்கியாக மாற்றியது. மற்றவர்கள் அதைப் பின்பற்றும்வரை, ஒருவர் விளையாட்டாக அனுப்பியது இன்னொருவர் போனில் நிஜத் துப்பாக்கியாகப் போய் நின்றது.

1999இல் ஜப்பானின் டோகோமோ என்ற செல்போன் நிறுவனத்துக்காக ஷிகெடகா குரிடா வரைந்த எமோஜித் தொகுப்பில் இருந்தவை 176 படங்கள். ஒவ்வொன்றும் பக்கத்துக்குப் பன்னிரண்டு புள்ளிகள் கொண்ட சின்னக் கட்டம். வெயில், மழை, ரயில், இதயம் என்று பார்த்ததும் புரிபவை. அந்தக் காலத்துக்கு எங்கள் பட்டியல் பொருந்தியிருக்கும். இப்போது ஒரு படத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய நான் விடுவதில்லை. புதிதாகச் சேருபவர்களிடம் பட்டியலைக் கொடுப்பதற்குப் பதில் பழைய கமென்ட்டுகளைக் கொடுத்து, எழுதியவர் என்ன வயது, என்ன மனநிலை, இதற்கு முன் நமக்கு என்ன எழுதியிருக்கிறார் என்று ஊகிக்கச் சொல்கிறேன். ✨ இரு பக்கமும் வைத்து ‘✨தரம்✨’ என்று ஒருவர் எழுதினால் அது கிண்டல் என்பதை இப்படித்தான் பிடிக்க முடியும். 🤡 வாடிக்கையாளர் தன்னைச் சொல்கிறாரா, நம்மைச் சொல்கிறாரா என்பதையும்தான். ‘ஆஃபர் முடிஞ்ச மறுநாள் வாங்கினேன் 🤡’ என்றால் அவரைச் சமாதானப்படுத்த வேண்டும். ‘கஸ்டமர் கேர் 🤡’ என்றால் மேலாளரைக் கூப்பிட வேண்டும்.

அலுவலக குரூப்பில் எங்களுக்கே ஒரு தனி மொழி ஊறிவிட்டது. வாடிக்கையாளர் நிறுவனம் விளம்பரத்தை நிராகரித்தால் சங்குப் படம், ஊதியாயிற்று என்று. யாராவது மேலாளரிடம் பல்பு வாங்கினால் 💡. இருவர் நீண்ட நேரம் வம்பளந்தால் மூன்றாமவர் 🥜 போட்டுவிட்டுப் போவார், கடலை போதும் வேலையைப் பாருங்கள் என்று. தலைமை அலுவலகத்திலிருந்து குரூப்பில் சேர்ந்த ஒருவர், தமிழ் தெரியாதவர், இந்தக் கடலையைப் பார்த்துவிட்டுச் சிற்றுண்டி வந்துவிட்டதா என்று கேட்டார். யாரும் விளக்கவில்லை.

விளையாட்டு இப்படிப் போனாலும் 👍 வந்தால் மட்டும் எங்கள் சட்ட ஆலோசகர் நிமிர்ந்து உட்காருவார். கனடாவின் சஸ்காட்சுவானில் 2023இல் ஒரு நீதிமன்றம், ஆளிவிதை விற்பனை ஒப்பந்தத்தின் படத்துக்கு விவசாயி பதிலாக அனுப்பிய கட்டைவிரலைக் கையெழுத்துக்குச் சமம் என்று ஏற்று, சரக்கு கொடுக்காததற்கு 82,000 கனடிய டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. அடுத்த ஆண்டு நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வேறு மாதிரி ஒரு வழக்கு. ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர், மேலதிகாரி கொல்லப்பட்ட செய்திக்கு வாட்ஸ்ஆப் குரூப்பில் கட்டைவிரல் போட்டதால் வேலையை இழந்திருந்தார். அது கொலையைக் கொண்டாடுவது ஆகாது, செய்தியைப் பார்த்தேன் என்பதற்கான ‘ஓகே’ என்றே கொள்ளலாம் என்று நீதிமன்றம் சொல்லி, அவரை மறுபடி வேலையில் சேர்க்கச் சொன்னது. இரண்டு தீர்ப்பும் எனக்குச் சரியாகவே படுகின்றன. விவசாயி, ஒப்பந்தப் படத்தை அனுப்பிய அதே ஆளிடம் அதற்கு முன்னும் ‘ஓகே’, ‘சரி’ என்று சுருக்கமாகப் பதில் போட்டே விற்றவர். காவலர் குரூப்பில் வந்த ஒரு தகவலைப் பார்த்தவர்.

ஆலோசகரின் கவலை எங்கள் ஒப்புதல்களைப் பற்றியது. விளம்பரத்தின் இறுதி வடிவத்தை நாங்கள் அனுப்ப, நிறுவனத்தின் விற்பனைத் தலைவர் 👍 போடுவார். பார்த்தேன் என்கிறாரா, அச்சுக்கு அனுப்பு என்கிறாரா? அவரைக் கேட்டால், “ரெண்டும்தான், சில சமயம் ஒண்ணு” என்றார். எழுத்தில் ‘ஒப்புதல்’ என்று போடும்படி ஒரு சுற்றறிக்கை போயிற்று. அந்தச் சுற்றறிக்கைக்கும் அவர் 👍 தான் போட்டார். இப்போது நாங்கள் ‘அச்சுக்கு அனுப்பலாமா சார்?’ என்று திரும்பக் கேட்டு, ‘அனுப்பு’ என்று எழுத்தில் வந்த பிறகுதான் அச்சகத்தைக் கூப்பிடுகிறோம்.