டோஹூவைப் பார்க்காமல் ஆறு மாதம்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைத் தடுக்கும் டாமொக்சிஃபென் மாத்திரை ஆரம்பித்த வாரம். ரிப்போர்ட்டில் ‘ஈஆர் பாசிட்டிவ்’, அதாவது கட்டியில் ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டும் ஏற்பிகள் உண்டு என்று போட்டிருந்ததை எப்படியோ தெரிந்துகொண்ட நாத்தனார், “அண்ணி, சோயாவுல பெண் ஹார்மோன் இருக்காம், தொடாதீங்க” என்றார். அன்றே காலை சோயா பால் நின்றது. பெப்யா என்கிற சோயாக் கட்டிப் பொரியலும் நின்றது. அதுவும் சோயாதான் என்று நினைத்து, கூடவே என் உயிரான டோஹூவும். ரங்கூனில் அனோரத்தா சாலைக்குப் போகும்போதெல்லாம், மஞ்சள் கூழை நூடுல்ஸ் மேல் ஊற்றித் தரும் கடையைத் தாண்டும்வரை முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஆறு மாதம் கழித்து, எதிர்வீட்டு ஷான் இனத்து அக்கா வீட்டில் டோஹூ கிண்டுவதைப் பார்த்தேன். மாவை ஊறவைத்து, துணியில் வடிகட்டி, அடிபிடிக்காமல் கை ஓயக் கிண்டினார். என்ன மாவு என்று கேட்டேன். கடலை மாவு! நம் பஜ்ஜி மாவேதான். சோயாவில் செய்வது பெப்யாதான். பிறந்து வளர்ந்த ஊரில் இதுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

சரி, பெப்யாவாவது ஆகாதா என்று அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் கேட்டேன். சோயாவில் இருக்கும் ஐசோஃபிளேவோன் ஈஸ்ட்ரோஜன் மாதிரியே ஏற்பிகளில் போய் ஒட்டும், ஆனால் வீரியம் ரொம்பக் குறைவு என்றார். எலிகளுக்கு ஜெனிஸ்டீன் என்ற ஐசோஃபிளேவோனைக் கொடுத்தபோது கட்டி வளர்ந்ததில் கிளம்பிய பயம் இது. ஷாங்காயில் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 5,042 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். சோயா உணவு அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்பியதும் இறப்பும் குறைவு. டாமொக்சிஃபென் எடுத்தவர்களிலும் அப்படித்தான். “அதுக்காக சோயாவை மருந்துன்னு நினைச்சுடாதீங்க, சாப்பாடா சாப்பிடுங்க” என்றார்.

அப்புறம்தான் கைப்பையிலிருந்து அந்த டப்பாவை எடுத்தேன். மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து ராத்திரியில் உடம்பு குப்பென்று சூடேறி, தலையணை நனைந்துவிடும். அதற்கு நல்லது என்று பாங்காக்கிலிருந்து வந்த ‘இயற்கை’ கேப்சூல். டாக்டர் பின்பக்கத்தைப் படித்துவிட்டு மேசையில் வைத்தார். அதே ஐசோஃபிளேவோன்தான், சாறாக இறக்கி அடைத்தது. உணவில் வருவது வேறு, இது வேறு. ஈஆர் பாசிட்டிவ் உள்ளவர்களுக்கு இது பாதுகாப்பு என்று சொல்ல ஆதாரம் போதாது, வேண்டவே வேண்டாம் என்றார்.

வாங்கி வந்து கொடுத்தவர் யார் என்கிறீர்கள்? அதே நாத்தனார்தான். டப்பாவில் சோயாக் கொட்டைப் படமே போட்டிருந்தது.