தஞ்சை அகழிக்கரை எருக்கில் கண்டவை

தஞ்சாவூருக்குள் மரம் மட்டை பார்க்க வேண்டுமென்றால் சிவகங்கைப் பூங்காவுக்குத்தான் போகச் சொல்வார்கள். ஆனால் நாட்டுச் செடிகளையும் அவற்றை நம்பி வாழும் உயிர்களையும் குறித்துவைக்கத் தொடங்கிய பிறகு, நீர் ஊற்றி வளர்க்கும் பூச்செடிகளைக் காட்டிலும், பெரிய கோயிலைச் சுற்றிய அகழியின் கரையில் தானாக முளைத்துக் கிடக்கும் எருக்கும் நாயுருவியும் நுணாவுமே எனக்கு மிகுதியாக வேலை கொடுத்தன. உயிரினங்களைத் தேடி அலையாமல், ஒரு செடியைத் தேர்ந்துகொண்டு அதன் அருகிலேயே நிற்பது என்று முறை வகுத்துக்கொண்டேன்.

முதலில் எருக்கு. "அதுல என்ன தம்பி இருக்கு? ஆடு கூட வாய் வைக்காதே!" என்று ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் கேட்டார். ஆடு வாய் வைக்காத அந்தப் பால்தான் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சிக்குக் காப்பு. இலையின் அடியில் தனித்தனியாக இடப்படும் முட்டையிலிருந்து வரும் புழு, கருப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்களும் மூன்று இணைக் கொம்பிழைகளும் கொண்டது. இலை நரம்பை முன்கூட்டியே கடித்துப் பாலின் ஓட்டத்தைத் தடுத்துவிட்டு, அதற்கு அப்பால் உள்ள பகுதியை அது தின்பதை உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்தேன். தின்ற நஞ்சு உடலிலேயே தங்கிவிடுவதால், வளர்ந்து பறக்கும்போதும் பறவைகள் அதைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுகின்றன.

இந்தக் காப்பைக் காப்பியடிக்கும் இன்னொரு இனமும் அகழிக்கரையில் உண்டு. அதன் பெண் நிறத்திலும் மெதுவாகப் பறப்பதிலும் வெந்தய வரியனை அப்படியே ஒத்திருக்கும். ஆணோ கருஞ்சிறகில் ஊதா விளிம்பிட்ட வெள்ளைப் பொட்டுகளோடு முற்றிலும் வேறாகத் தோன்றும். பின்னிறகின் நடுவில் மூன்று கரும்புள்ளிகளோ, ஆணாயின் நான்கோ, இருந்தால் வெந்தய வரியன். மேல் விளிம்பருகே ஒரே புள்ளி இருந்தால் வேடதாரி. இது முட்டையிடுவது பருப்புக்கீரையில் என்பதால், எருக்கை விட்டுவிட்டு மதிலடியில் கீரை படர்ந்த இடத்தில் காத்திருந்தபோதுதான் ஐயத்துக்கு இடமின்றிக் கிடைத்தது.

எருக்கிலேயே வாழும் மஞ்சளும் நீலமும் கலந்த வெட்டுக்கிளியின் குஞ்சைக் கையால் பிடிக்காமல் இருப்பது நல்லது. பிடித்தால் நீரைப் பீய்ச்சியடிக்கும். பூவுக்கு வரும் பெரிய கரிய தச்சுத்தேனீக்கள் ஆவணியில் சில நாள் குறைந்துபோயின. பிள்ளையார் சதுர்த்திக்கு மாலை கட்ட மொட்டும் பூவுமாகப் பறித்துப் போயிருந்தார்கள், அவ்வளவுதான். இலைகளை யாரும் தொடாததால் புழுக்களுக்கு ஒரு குறையும் இல்லை.

அகழி நீரில் ஆகாயத்தாமரை மண்டியிருந்தாலும் தாழைக்கோழியும் கானாங்கோழியும் அதன் ஓரத்திலேயே இரை தேடுகின்றன. மேட்டூர் அணையோடு 1934-இல் முடிக்கப்பட்டு, ஊரார் இன்னும் புது ஆறு என்றே சொல்லும் கல்லணைக் கால்வாயில் நிலைமை வேறு. மண்கரையில் வளை தோண்டி முட்டையிடும் வெண்மார்பு மீன்கொத்திக்குச் சிமெண்டு பூசிய சரிவில் இடம் கிடையாது. கம்பியில் அமர்ந்து மீன் பார்க்க வருகிறதே தவிர, வளை எதுவும் அங்கே என் கண்ணில் படவில்லை. கரையைப் பலப்படுத்துவது பாசனத்துக்குத் தேவை என்பதை டெல்டாக்காரனாக நான் மறுக்கமாட்டேன். ஆங்காங்கே ஒரு துண்டு மண்மேட்டை விட்டுவைத்திருக்கலாம் என்பதே என் கருத்து.

அடுத்து எடுத்துக்கொண்டிருப்பது ஆடுதின்னாப்பாளை. ரோசா அழகி வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு அதுவும் அதன் உறவுக்கொடிகளுமே உணவு. கரந்தைப் பக்கம் வடவாற்றங்கரையில் அது தரையோடு படர்ந்திருக்கும் இடத்தைக் குறித்துவைத்திருக்கிறேன். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் இலைகளைப் புரட்டிப் பார்த்துவிட வேண்டும்.