திருவொற்றியூர் மகிழ மரத்தடியில் சுந்தரர் பதிகம்

பௌர்ணமியன்று திருவொற்றியூர் போகிறவர்கள் பெரும்பாலும் வடிவுடையம்மனைப் பார்க்கத்தான் போகிறார்கள். காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் இவள், மாலையில் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று ஒரே நாளில் மூன்று அம்மன் தரிசனம். அந்த ஓட்டத்தில் பிராகாரத்து மகிழ மரத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை. தேவாரம் பாடிய நாயன்மார் சுந்தரர் இத்தலத்து இறைவனைப் பாடிய பதிகத்தை (பத்துப் பாட்டுத் தொகுப்பு) அந்த மரத்தடியில் படிக்க நினைப்பவர்கள் சாதாரண வார நாளில் போவதே நல்லது. மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடியில் இறங்கினால் நடை தூரம். உச்சிக்குப் பிறகு நடை சாத்திவிட்டால் மாலை நான்கு மணி வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

முதலில் ஆதிபுரீஸ்வரர். புற்று வடிவான சுவாமி. ஆண்டு முழுவதும் கவசத்தோடுதான் காட்சி. கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாள் மட்டும் கவசம் களைந்து புனுகு, சாம்பிராணித் தைலம் சாத்துவார்கள். அப்போது வரிசை நீளும். பதிகத்துக்கு அந்த நாட்கள் சரிவராது.

பிறகு மகிழடி. திருவாரூரில் மனைவி பரவையார் இருக்க, சுந்தரர் இங்கே சங்கிலியார் என்ற பெண்ணையும் மணக்க விரும்பினார். அதற்கு அவரிடம் "பிரியேன்" என்று சத்தியம் செய்ய வேண்டும். சன்னிதியில் சொன்னால் மீற முடியாதே என்று, அந்த நேரத்துக்கு மட்டும் மகிழ மரத்தடியில் போய் இருக்கும்படி சுவாமியிடமே கேட்டுக்கொண்டார். சுவாமியோ சங்கிலியாரிடம் "மரத்தடியில் சத்தியம் வாங்கு" என்று சொல்லிவிட்டார்! மாசிப் பெருவிழாவில் நடக்கும் மகிழடி சேவை இதைத்தான் நடத்திக் காட்டுகிறது. பின்பு ஆரூர் வசந்த விழா நினைவு வந்து சுந்தரர் கிளம்பினார். சத்தியம் மீறி ஒற்றியூர் எல்லை தாண்டியதும் பார்வை போயிற்று.

அப்போது பாடியதுதான் "அழுக்கு மெய்கொடு உன் திருவடி அடைந்தேன்" எனத் தொடங்கும் பதிகம். ஏழாம் திருமுறை, தக்கேசிப் பண். நிதானமாகப் படித்தால் கால் மணி நேரத்துக்குள் முடியும். முதல் பாட்டிலேயே நின்றுவிடுகிறவர்கள் உண்டு. அது போதாது. "இந்த ஆசைகளை எடுத்துவிடு" என்று அவர் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பரவையும் வேண்டும், சங்கிலியும் வேண்டும், ஆரூரும் வேண்டும்; எதையும் தள்ளவில்லை. "பிழைப்பனாகிலும் திருவடிப் பிழையேன்" என்று ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறார். சாணத்தை ஒதுக்கிவிட்டுப் பாலை எடுத்துக்கொள்வதில்லையா என்று சாமியிடமே வாதாடுகிறார். பின்னால் வரும் ஒரு பாட்டில் கேட்பது இன்னும் குறைந்துவிடுகிறது: "மூன்று கண்ணுடையாய், என் கண்ணை எடுத்துக்கொள்வதுதான் கணக்கு என்றால், ஒரு ஊன்றுகோலாவது கொடு." கண் கேட்டவர் கோலுக்கு இறங்கிவரும் அந்த இடத்தில்தான் பாட்டு அமைதி கொள்கிறது. வேகமாக ஒப்பித்தால் இது தட்டுப்படாது. ஒவ்வொரு பாட்டின் கடைசி அடியிலும் கொஞ்சம் நிறுத்த வேண்டும்.

கோல் கிடைத்தது திருவெண்பாக்கத்தில். பூண்டி நீர்த்தேக்கத்தில் பழைய கோயில் மூழ்கியதால் இப்போது கரையில் புதிய கோயில். சுவாமி பெயரே ஊன்றீஸ்வரர். கண்ணுக்குப் பதில் கோல்தானா என்று சுந்தரர் அதை வீசியடித்ததில் ஒடிந்ததாகச் சொல்லப்படும் நந்தியின் கொம்பையும் அங்கே பார்க்கலாம். சென்ட்ரலில் இருந்து மின்சார ரயிலில் திருவள்ளூர், அங்கிருந்து பூண்டிக்குப் பஸ். ஒற்றியூரோடு சேர்த்து ஒரே நாளில் முடிக்க நினைத்தால் இரண்டும் அரைகுறையாகிவிடும்.