நாலு பதினொன்று

2023 ஜூன் மாதம். அக்காவின் மகன் மெக்சிக்கோ எல்லையைக் கடந்துவிட்டான் என்று, காசு வாங்கி ஆட்களை எல்லை தாண்டி அனுப்புகிற ஏஜென்சிக்காரன் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பியதோடு சரி. அதற்குப் பிறகு மருமகனின் போனும் வேலை செய்யவில்லை, ஏஜென்சிக்காரனும் எடுக்கவில்லை. அவனுக்கு அப்போது வயது 17. அக்கா யாழ்ப்பாணத்தில், நான் நியூஜெர்சியில். அவன் ஏன் வெளிக்கிட்டான் என்பதை இங்கே எழுத மாட்டேன். அது அவனுடைய வழக்கு, அவன் சொல்ல வேண்டிய கதை. அவனை எப்படித் தேடி எடுத்தோம் என்பதை மட்டும் எழுதுகிறேன். அதே இடத்தில் இப்போது நிற்கிற ஒரு மாமாவுக்கோ சித்திக்கோ உதவினால் போதும்.

தாய் தகப்பன் இல்லாமல் வருகிற 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையை அமெரிக்க எல்லையில் பிடித்தால், 72 மணி நேரத்துக்குள் சுகாதாரத் திணைக்களத்தின் கீழ் இருக்கும் அகதிகள் மீள்குடியேற்ற அலுவலகத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். கூட வந்தது சொந்த அண்ணனாக இருந்தாலும் கணக்கு இதுதான். பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ இல்லையென்றால் அவன் தனிப்பிள்ளை. அந்த அலுவலகத்துக்கு 24 மணி நேரமும் எடுக்கக்கூடிய ஓர் எண் இருக்கிறது: 1-800-203-7001. அன்றிரவே அடித்தேன்.

எடுத்தவர் மிகவும் தன்மையாகப் பேசினார். ஆனால் பிள்ளை எங்கே என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். பெயர், பிறந்த திகதி, நாடு, தாய் தகப்பன் பெயர், நான் என்ன உறவு என்பதையெல்லாம் எழுதிக்கொள்வார்கள். அப்படி ஒரு பிள்ளை தங்களிடம் இருந்தால், அது இருக்கும் ஷெல்டரிலிருந்து நமக்கு எடுப்பார்கள். முதலில் எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தால், ஏஜென்சிக்காரனும் மாமா என்று சொல்லி அடிக்கலாம்தானே. சரி என்று காத்திருந்தேன். நாலு நாள் ஒரு அழைப்பும் வரவில்லை. திரும்ப அடித்தேன். அந்த விபரத்தில் ஒரு பிள்ளையும் இல்லை.

ஐந்தாம் நாள் இரவு, குடிவரவுத் தடுப்பில் இருப்பவர்களைத் தேடும் அரச இணையத்தளத்தில் உட்கார்ந்தேன். ஏ நம்பர் என்று சொல்லும் கோவை எண் தெரிந்தால் லேசு. தெரியாவிட்டால் முதற்பெயர், கடைசிப்பெயர், பிறந்த நாடு மூன்றும் அவர்கள் பதிந்த மாதிரியே இருக்க வேண்டும். எங்கள் பெயர்களுக்கு எது முதல், எது கடைசி? அப்பாவின் பெயரை முன்னால் போட்டேன், பின்னால் போட்டேன். ‘தி’க்கு ஆங்கிலத்தில் ‘எச்’ போட்டும் போடாமலும், நெடிலுக்கு ஒரு ‘ஏ’யும் இரண்டு ‘ஏ’யும் வைத்தும் பார்த்தேன். ஒரு கொப்பித்தாளில் எழுதி எழுதி வெட்டிக்கொண்டு வந்தேன். பதினாலாவது தடவை, அப்பாவின் பெயர் முதற்பெயராகவும் பிள்ளையின் பெயர் ஓர் எழுத்துக் குறைந்து கடைசிப்பெயராகவும் வந்து நின்றது. தடுப்பில் இருக்கிறார், இன்ன முகாம். இங்கே இரவு பதினொரு மணி, அங்கே காலை எட்டரை. அக்காவுக்கு எடுத்தேன். கிணற்றடியில் நின்றவர் அப்படியே நிலத்தில் இருந்து அழுதார்.

மறுநாள் ஒரு சட்டத்தரணி கிடைத்தார். குடிவரவு நீதிமன்றத்தில் அரச செலவில் வக்கீல் கேட்கும் உரிமை பொதுவாக இல்லை, பிள்ளைகளுக்கும் இல்லை. ஆனால் இலவசமாக உதவுகிறவர்களின் பட்டியலை அந்த நீதிமன்றத் துறையே மாநிலவாரியாக வெளியிடுகிறது. அதைப் பார்த்து வரிசையாக எடுத்ததில் ஆறாவது இடத்தில் ஓர் அம்மா பேசினார். நான் சந்தோஷமாக, பெயர் கிடைத்துவிட்டது என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “அந்தத் தளத்தில் 18 வயதுக்குக் குறைந்த யாருடைய பெயரும் வராதே. இவன் பெயர் எப்படி வந்தது?”

நான் அக்காவுக்குச் சொன்ன நல்ல செய்தி உண்மையில் கெட்ட செய்தி. பிள்ளையை வளர்ந்த ஆள் என்று பதிந்து, பெரியவர்களோடு போட்டிருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து அவனே எடுத்தான். என் எண்ணை மனப்பாடம் செய்து வைத்திருந்தான். பிள்ளையை அனுப்புகிற தாய்மாருக்குச் சொல்கிறேன், போனை வாங்கி வைத்துவிடுவார்கள், கடதாசி தொலைந்துபோகும், மனப்பாடம் ஒன்றுதான் மிஞ்சும்.

“மாமா, இஞ்ச எல்லாரும் பெரிய ஆக்கள். எனக்கு ஒண்டும் விளங்கேல்ல.”

“பயப்பிடாத அப்பன். உன்ர கையில தந்த பேப்பரில பிறந்த திகதி என்ன போட்டிருக்கு? பார்த்துச் சொல்லு.”

கடதாசி சரசரக்கிற சத்தம் கேட்டது. “சைபர் நாலு, பதினொண்டு, ரெண்டாயிரத்தி அஞ்சு. சரியாத்தான் கிடக்கு மாமா.”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நவம்பர் 4, 2005. அதை அப்படியே சட்டத்தரணியிடம் சொன்னபோது அவர்தான், “அமெரிக்காவில் அது ஏப்ரல் 11” என்றார். இங்கே மாதம் முதலில், நாள் பிறகு. எல்லையில் போனில் வந்த மொழிபெயர்ப்பாளர் பிறந்த திகதி என்ன என்று கேட்க, இவன் நாங்கள் எல்லோரும் சொல்வதுபோல “நாலு, பதினொண்டு” என்று சொல்லியிருக்கிறான். இலக்கம் இலக்கமாக ஆங்கிலத்துக்குப் போய், இலக்கமாகவே ஏறிவிட்டது. ஏப்ரலில் பிறந்தவனுக்கு ஜூனில் 18 முடிந்துவிட்டது. நவம்பரில் பிறந்தவனுக்கு இன்னும் 17.

அந்த ஏழு மாத வித்தியாசத்தில் என்னவெல்லாம் தொங்குகிறது என்று அன்றுதான் தெரிந்தது. வளர்ந்தவர் என்றால் விரைவு வெளியேற்ற முறைக்குள் தள்ளலாம். திருப்பி அனுப்பினால் ஆபத்து என்று ஓர் அதிகாரியை நம்பவைக்கும் முதல் நேர்காணலில் தவறினால், பெரும்பாலும் விமானம்தான். அதில் தவறிய ஈழத்தமிழர் ஒருவரின் வழக்கு 2020-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. தனிப்பிள்ளை என்றால், இலங்கை போன்ற தூரத்து நாட்டுப் பிள்ளையை அந்த முறைக்குள் தள்ள முடியாது. நீதிபதி முன் முழு வழக்கு உண்டு. தஞ்ச விண்ணப்பத்தை முதலில் கேட்பது நீதிமன்றம் இல்லை, குடியுரிமைச் சேவை அலுவலகம். ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்ற கெடுவும் இல்லை.

சட்டத்தரணி இரண்டு விடயம் கண்டிப்பாகச் சொன்னார். இலங்கைத் தூதரகத்துக்கு எடுக்க வேண்டாம், தஞ்சம் கேட்கிறவன் இருக்கிற இடம் அவர்களுக்குப் போகக்கூடாது. அடுத்தது, அவன் வயதைக் காட்டுகிற எல்லாக் கடதாசியும் உடனே வேண்டும். பல்லை எக்ஸ்ரே எடுத்து வயது சொல்லும் வழக்கம் உண்டு. அதை மட்டும் வைத்து முடிவெடுக்கக்கூடாது என்று 2008-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது என்றாலும், எக்ஸ்ரேக்குப் போகுமுன் கடதாசி போய்ச் சேர வேண்டும் என்றார்.

அக்கா அலுமாரியைக் கொட்டிக் கவிழ்த்தார். பிறப்புச் சான்றிதழ் இருந்தது. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் அன்றே கொண்டுபோகச் சொன்னேன், மாதத்தை இலக்கத்தில் போட வேண்டாம், நவம்பர் என்று எழுத்தில் போடுங்கள் என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினேன். குழந்தையாய் இருந்தபோது கிளினிக்கில் நிறை பார்த்து எழுதிக் கொடுத்த கார்ட், பாடசாலை றிப்போர்ட், அப்புறம் அடையாள அட்டை.

அடையாள அட்டையின் படம் வந்ததும் எனக்கு ஒன்று நினைவு வந்தது. எங்கள் புதிய அட்டையின் 12 இலக்கத்தில் முதல் நாலு பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருப்பார்கள். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் வைத்துத்தான் கணக்கு. விரல் விட்டு எண்ணினேன். ஏப்ரல் 11 என்றால் 102 வர வேண்டும். நவம்பர் 4 என்றால் 309. அட்டையில் 2005309 என்று தொடங்கியது. பல நாளுக்குப் பிறகு முதல் தடவையாக நெஞ்சு கொஞ்சம் லேசானது. ஊரில் கொடுத்த அட்டை, இப்படி ஒரு குழப்பம் வரும் என்று யாருக்கும் தெரியாத காலத்தில் அச்சடித்தது. நாளும் மாதமும் இடம் மாறவே முடியாத ஓர் எண். அந்தக் கணக்கை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன், சட்டத்தரணி அதைத் தன் கடிதத்தோடு சேர்த்தார்.

பதினொரு நாள் எடுத்தது. பதினோராம் நாள் ரெக்சாஸில் ஒரு ஷெல்டரிலிருந்து கேஸ் மனேஜர் எடுத்து, “உங்கள் மருமகன் எங்களிடம் வந்துவிட்டான்” என்றார்.

அங்கிருந்து வெளியே எடுப்பது வேறு வேலை. பிள்ளையைப் பொறுப்பெடுக்க வருகிறவரை, அதாவது ஸ்பொன்சரை, உறவை வைத்து வகை பிரிப்பார்கள். பெற்றோர் இங்கே இருந்தால் முதல் வகை. மாமா, சித்தி, சகோதரர், பாட்டன் எல்லாம் இரண்டாம் வகை. இவனை முன்பு நான் வளர்த்ததில்லை என்பதால் கைரேகை கொடுக்க வேண்டியிருந்தது. என் அடையாளம், வீட்டு முகவரி, வீட்டிலிருக்கும் பெரியவர்களின் விபரம், எந்த அறையில் படுப்பான், யார் பள்ளிக்குக் கூட்டிப்போவது எல்லாம் கேட்டார்கள். உறவை நிரூபிக்க மூன்று பிறப்புச் சான்றிதழ்கள் வேண்டும்: அவனுடையதில் தாய் அக்கா, அக்காவுடையதிலும் என்னுடையதிலும் ஒரே தாய் தகப்பன். எங்கள் அப்பாவின் பெயர் இரண்டிலும் இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்தது. அதற்கொரு சத்தியக் கடதாசி, அதற்கொரு வாரம். நவம்பர் 4-க்குள் வெளியே வராவிட்டால் 18 ஆகி மறுபடி பெரியவர்களின் முகாம் என்பது ஒவ்வொரு நாளும் தலைக்குள் ஓடியது.

வாரத்தில் இரண்டு தடவை பத்துப் பத்து நிமிடம் பேச விட்டார்கள். முதல் தடவை அவன் கேட்டது, “அம்மா சாப்பிடுறாவா?”

ஓகஸ்ட் கடைசியில் நியூவார்க் விமான நிலையத்தில் வந்து இறங்கினான். உறை ஒன்றில் படம் ஒட்டிய விடுவிப்புக் கடதாசி. அதைப் பத்திரமாக வைத்திருங்கள், பள்ளிக்கும் வைத்தியத்துக்கும் அதுதான் முதல் அடையாளம். அரச பள்ளி இப்படியான பிள்ளையைச் சேர்க்க மறுக்க முடியாது, 1982-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்த விடயம். வழக்கு நம் ஊர் நீதிமன்றத்துக்குத் தானாக மாறி வராது, சட்டத்தரணி மூலம் கேட்க வேண்டும். வீடு மாறினால் ஐந்து வேலை நாளுக்குள் நீதிமன்றத்துக்குப் படிவம் போக வேண்டும். பழைய முகவரிக்குப் போன ஒரு கடிதத்தால், வராதவன் என்று வெளியேற்ற உத்தரவு எழுதப்படலாம்.

2025-க்குப் பிறகு ஸ்பொன்சராக வருவோருக்கான விதிகள் இறுகிவிட்டன. எல்லோருக்கும் கைரேகை, சம்பளச் சான்று கேட்பது, டி.என்.ஏ. சோதனை என்று பிள்ளைகள் மாதக்கணக்கில் உள்ளே இருக்கிறார்கள். இவற்றை எதிர்த்து வழக்குகளும் நடக்கின்றன. இன்றைக்குத் தொடங்குகிறவர்கள் எங்கள் காலத்துக் கணக்கை நம்பாமல், முதல் நாளே ஒரு சட்டத்தரணியிடம் இப்போதைய விதி என்ன என்று கேளுங்கள்.

பள்ளியில் சேர்க்கப் போன அன்று, மேசைக்குப் பின்னால் இருந்த அம்மா பிறந்த திகதியைக் கேட்டார். நான் வாய் திறக்குமுன் அவன் அவரிடம் பேனையைக் கேட்டு வாங்கி, படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, கட்டங்களை விட்டுவிட்டு அதன் மேலே ‘நவம்பர்’ என்று முழுதாக எழுதினான்.