எம்ஜிபி 1969: டர்பனிலிருந்து கிளாரன்ஸ் வரை

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது கார்புரேட்டர். ஷெட்டில் நின்றபடி நன்றாக ஓடும் கார்புரேட்டரை நான் நம்புவதில்லை. டர்பனில் கடல் மட்டத்தில் சுருதி சேர்த்த வண்டி மலையில் எப்படி ஓடுகிறது என்று பார்க்கத்தான் இந்த மார்கழிப் பயணம். இங்கே தென்னாப்பிரிக்காவில் மார்கழி என்றால் கொளுத்தும் கோடை. அதனால் சூடும் உயரமும் ஒன்றாகச் சோதனையாகிவிடும்.

மூன்று பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள். என்னுடையது எம்ஜிபி: 1798 சிசி, எஸ்யூ ரகக் கார்புரேட்டர் இரண்டு. இரண்டாவது ஆல்ஃபா 1750 ஜிடிவி, வெபர் ரகக் கார்புரேட்டர் இரண்டு. மூன்றாவது ட்ரையம்ஃப் டிஆர்6, ஆறு சிலிண்டர், கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன். அதன் பெட்ரோல் பம்ப் டிக்கிக்குள் இருக்கிறது, வெயிலில் சூடேறினால் முரண்டு பிடிக்கும் ரகம். அதற்கு ஊரறிந்த வைத்தியம் உறைந்த பட்டாணிப் பாக்கெட். நண்பர் இரண்டு பாக்கெட்டை ஐஸ் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தார். பம்ப் கடைசி வரை தொந்தரவு தரவில்லை, பட்டாணி இரவு குருமாவுக்குப் போனது.

என்3 நெடுஞ்சாலை வழியாக வான் ரீனன் கணவாய் ஏறினால் லாரிகளுக்கு நடுவே தவம் கிடக்க வேண்டும். அதனால் ஹோவிக்குக்குப் பிறகு பழைய ஆர்103 சாலை, பின்பு வின்டர்டன், பெர்க்வில் வழியாக ஆர்74. ஹோவிக் அருகே 1962 ஆகஸ்ட் 5 அன்று மண்டேலா பிடிபட்ட இடம் இந்த ஆர்103 ஓரத்தில்தான் இருக்கிறது. அங்கே 50 இரும்புத் தூண்கள் ஓர் இடத்திலிருந்து பார்த்தால் அவர் முகமாகத் தெரியும். புளிசாதப் பொட்டலத்தை அங்கேதான் பிரித்தோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆர்74 ஏறிக் கடக்கும் ஒலிவியர்ஸ்ஹூக் கணவாயின் உச்சி 1,700 மீட்டருக்கு மேல். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 15 சதவீதம் குறைகிறது. எஞ்சின் பலமும் ஏறக்குறைய அதே அளவு விழும், அதை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாமல் வந்துகொண்டே இருப்பதால் கலவை செறிவாகிவிடும். பெர்க்வில்லைத் தாண்டி ஏறும்போது எம்ஜிபி மந்தமாகி, ஆக்ஸிலேட்டரை விட்டால் புகைக்குழாயில் பொட் பொட் என்று சத்தம். உச்சியில் நிறுத்தி ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். டர்பனில் வெளிர் பழுப்பாக இருந்தது இப்போது கரிபிடித்திருந்தது.

எஸ்யூவின் அருமை இங்கேதான். கார்புரேட்டருக்கு அடியில் ஒரு நட்டு, ஆறு முகம். மேலே திருகினால் பெட்ரோல் குறையும். இரண்டிலும் ஒரே அளவு, ஒவ்வொரு முகமாகத் திருகிப் பார்க்க வேண்டும். சோதிப்பதும் சுலபம்: கார்புரேட்டரின் பக்கவாட்டில் உள்ள ஊசியால் அதற்குள் இருக்கும் பிஸ்டனைச் சற்றே தூக்கினால் எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், அணையப் பார்த்தால் குறைவு, லேசாக ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. இரண்டு முகம் திருகியதும் பொட் பொட் நின்றது. ஆல்ஃபாக்காரர் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, "உனக்கென்னப்பா, ஸ்பேனரோட போச்சு" என்று பெருமூச்சு விட்டார். வெபரில் பெட்ரோல் வரும் சிறு துளைத் திருகான ஜெட்டையே மாற்ற வேண்டும், அவரிடம் மாற்று ஜெட் இல்லை. கறுப்புப் புகையோடுதான் வந்தார். ஆனால் நேர் சாலையில் அதே ஆல்ஃபா எங்களைத் தாண்டிப் போன சத்தம் இருக்கிறதே, அதற்காக எவ்வளவு புகையையும் பொறுத்துக்கொள்ளலாம்.

ஸ்டெர்க்ஃபோன்டைன் அணையை ஒட்டி ஹாரிஸ்மித் வரை வெயிலோடு காற்று. எம்ஜிபியில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம். எஞ்சினை அணைத்ததும் அந்தச் சூட்டில் கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து, மறுபடி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். இந்த முறை நடுவில் புது வெப்பத் தடுப்புத் தகடு வைத்திருந்தேன். பெட்ரோல் பங்கில் பத்து நிமிடம் நின்றபின் இரண்டாவது முயற்சியிலேயே பிடித்தது. போன கோடையோடு ஒப்பிட்டால் நல்ல முன்னேற்றம். பானெட்டைக் கொஞ்சம் திறந்து வைக்கும் பழக்கத்தை மட்டும் இன்னும் விடவில்லை.

கோல்டன் கேட் பூங்காவின் மணற்பாறைகளுக்கு நடுவே வளைந்து போகும் சாலையைப் பற்றி எவ்வளவோ எழுதலாம். மூன்றாம் கியர், கூரை மடக்கிய வண்டி, மாலை வெயிலில் பொன்னாகும் பாறை. அப்புறம் மேற்கே இடி கேட்டதும் ஆலங்கட்டிக்குப் பயந்து கிளாரன்ஸுக்கு ஓடினோம். கூரையை இழுத்து மூடியும் மடியில் தண்ணீர் சொட்டியது.

திரும்பும் வழியில் ஒரு குறிப்பு. கடலோரத்திலிருந்து தள்ளியிருக்கும் மேட்டு நிலத்தில் 93 ஆக்டேன் பெட்ரோல் போட்டாலே போதும், மெல்லிய காற்றில் எஞ்சினில் தட்டும் சத்தம் வராது. ஆனால் கடலோரத்துக்கு இறங்குவதற்கு முன் 95 நிரப்பிவிடுங்கள். நட்டையும் பழைய இடத்துக்குத் திருகுங்கள், இல்லாவிட்டால் கீழே கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும். இறக்கத்தில் இரண்டாம் கியரிலேயே வந்தேன், முன் டிஸ்க் பிரேக் வாசனைகூட வரவில்லை.

அடுத்த வேலை கூரையின் ரப்பர், பிறகு பின் பிரேக் டிரம். ஆல்ஃபாக்காரர் மெலிந்த காற்றுக்கான ஜெட் ஒரு செட் தேடிக்கொண்டிருக்கிறார். கிடைத்தால் ஈஸ்டர் விடுமுறையில் மறுபடியும் அதே கணவாய்தான்.