கழக நாட்குறிப்பு: திருகோணமலை, ஜூன் – ஜூலை 2025

ஜூன் 17, செவ்வாய்

ஜூலை மாதக் கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டிக்கு நாள் குறிக்கும் வேலை இன்று. பதினொரு இளைஞர் கழகங்கள் பெயர் தந்திருக்கின்றன. சாம்பல்தீவு, நிலாவெளி, இறக்கக்கண்டிப் பக்கத்துக் கழகங்களில் பாதிக்கு மேல் கடல் தொழில் செய்யும் பொடியள். பட்டணத்துக் கழகங்களில் ரியூசனுக்குப் போகும் மாணவரும், கடைகளில் நிற்பவர்களும். இரண்டு பகுதியாரும் ஒரே நேரத்தில் ஓய்வாக இருக்கும் நாளைத் தேடிப் பிடிப்பதுதான் ஒருங்கிணைப்பில் முதல் வேலை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கலண்டரில் முதலில் நிலவைப் பார்க்க வேண்டும். நிலவு காலத்தில் இரவு வலைக்கு மீன்பாடு குறைவு, கனபேர் கடலுக்கு இறங்குவதில்லை. இருட்டுக் காலத்தில் போட்டி வைத்தால் கரையோரக் கழகங்கள் நான்கு பேரோடு வந்து நிற்கும். பிறகு “அவங்களுக்கு ஆர்வமில்லை” என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். ஆர்வம் உண்டு, அன்றைக்குத் தொழிலும் உண்டு.

எசல போயா (முழுநிலவு நாள்) ஜூலை 10, வியாழன். போயாவன்றே வைக்கலாம் என்று சிலர் கேட்டார்கள். சிங்களக் கழகத்தார் விகாரைக்குப் போகும் நாள், விட்டுவிட்டோம். 11 வெள்ளி, ஜும்ஆ. 13 ஞாயிறு காலையில் தேவாலயமும் அறநெறிப் பாடசாலையும். மிஞ்சியது 12 சனி. சனிக்கிழமை ரியூசன் இருக்கிறது, ஆனால் அது முன்கூட்டியே தெரிந்தால் மாற்றி எடுக்கக்கூடியது. கடலை மாற்ற முடியாது.

12 என்று முடிவு. 17ஆம் திகதி ஆடி பிறக்கிறது. 24 ஆடி அமாவாசை, கோணேசர் கோவில் பக்கம் சனம் திரளும். அந்த வாரத்தில் எதுவும் வைப்பதில்லை.

ஜூன் 19, வியாழன்

கடிதங்கள். போட்டிக்கு முன் முழுதாக 14 நாளாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அனுமதிக் கடிதம் போட்டி முடிந்த பிறகு கைக்கு வரும்.

பிரதேச செயலாளருக்கு ஒன்று, இளைஞர் சேவை அதிகாரிக்கும் விளையாட்டு உத்தியோகத்தருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதி. மைதானத்துக்குச் சபைச் செயலாளரிடம் தனிக்கடிதம். பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு ஒலிபெருக்கிக்கும் கூட்டத்துக்கும் சேர்த்து ஒரு கடிதம். உணவு கொடுப்பதால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவிக்க வேண்டும்.

ஒவ்வொரு கடிதத்திலும் ஐந்து விடயம் இருந்தால் திருப்பி அனுப்பமாட்டார்கள்: திகதி, தொடங்கும் மணி, முடியும் மணி, எதிர்பார்க்கும் ஆட்தொகை, பொறுப்பாளரின் பெயரும் தொலைபேசி இலக்கமும். “முடியும் மணி”யைத்தான் பலரும் எழுதாமல் விடுவார்கள். பொலிஸில் முதலில் கேட்பதும் அதைத்தான். தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுத்தால் கடிதம் மேசை மாறும்போது தேங்காது.

கொடுக்கும்போது இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் திகதி முத்திரையும் பெற்றவரின் ஒப்பமும் வாங்கிக் கோவையில் போட வேண்டும். வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பியது கொடுத்ததாகாது.

ஜூன் 21, சனி

கழகங்களின் பதிவேடுகளைப் பார்த்தோம். தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் 1979ஆம் ஆண்டின் 69ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. கிராமியக் கழகம், பிரதேச சம்மேளனம், மாவட்ட சம்மேளனம் என்று மேலே போகும் அமைப்பு முழுவதும் கீழே ஒரு கொப்பியில்தான் நிற்கிறது: உறுப்பினர் பதிவேடு. கூட்ட அறிக்கைப் புத்தகம், காசேடு, பற்றுச்சீட்டுப் புத்தகம் எல்லாம் அதற்குப் பிறகு.

பதிவேட்டில் பெயர், பிறந்த திகதி, முகவரி, தேசிய அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இருக்கும். எங்கள் பக்கத்துக் கழகங்களை இன்னும் இரண்டு நிரல் போடச் சொல்லி வருகிறோம். ஒன்று, என்ன தொழில். மற்றது, எந்த நேரம் ஓய்வு. கரையோரக் கழகமொன்றின் பக்கம் இப்படி இருந்தது: “கடல், பகல் 11 – 3”, “கடல், பகல் 11 – 3”, “மேசன், மாலை 5க்குப் பிறகு”, “உயர்தரம், வெள்ளி மாலை”, “ஹோட்டல், செவ்வாய் லீவு”. இந்த ஒரு பக்கத்தைப் பார்த்தாலே மாதக் கூட்டம் ஏன் கூடவில்லை என்று விளங்கும். நிலாவெளியில் விடுதிகளில் வேலை செய்யும் பிள்ளைகளுக்குச் சனி, ஞாயிறுதான் கூடிய வேலை. அவர்களுக்கு வாரஇறுதியில் கூட்டம் வைத்துவிட்டு, தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வரவில்லை என்று பெயரை வெட்டுவது அநியாயம்.

18 வயதுக்குக் குறைந்தவர்களின் பெயருக்கு எதிரே பெற்றோரின் சம்மதக் கடிதம் இருக்கிறதா என்று பார்த்தோம். நான்கு கழகங்களில் இல்லை. 5ஆம் திகதிக்கு முன் வர வேண்டும்.

ஜூன் 26, வியாழன்

வரவுசெலவு. அணிக்கு 1,500 ரூபா நுழைவுக் கட்டணம், 11 அணி, 16,500. மிச்சம் நன்கொடை. காசாக வாங்குவதைக் குறைத்துப் பொருளாக வாங்குவது நல்லது: தண்ணீர் ஒருவர், கடலை ஒருவர், கிண்ணம் ஒருவர். பொருளுக்கும் பற்றுச்சீட்டு எழுத வேண்டும்.

ஜூன் 28, சனி

பெண் பிள்ளைகளின் வலைப்பந்து. நான்கு அணி, லீக் முறை, ஆறு போட்டி. பத்து நிமிடப்படி இரண்டு பாதி என்றால் ஒரு போட்டிக்கு 25 நிமிடம் போதும், காலை 7 மணிக்குத் தொடங்கி 9.30க்கு முடியும். ஆடுகளம் 30.5 மீற்றர் நீளம், 15.25 அகலம், வளையம் நிலத்திலிருந்து 3.05 மீற்றர்.

ஆண்கள் விளையாடும் திறந்த மைதானத்தில் வைக்காமல், பக்கத்துப் பாடசாலையின் மதில் கட்டிய மைதானத்தைக் கேட்டிருக்கிறோம். முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைகள் வருவதும் வராததும் அந்த மதிலைப் பொறுத்தது. மலசலகூடக் கதவுக்குக் கொண்டி, உள்ளே தண்ணீர், மூடியுள்ள குப்பை வாளி, இந்த மூன்றையும் முதல்நாளே நேரில் போய்ப் பார்க்க வேண்டும். வீட்டுக்குக் கொடுக்கும் கடிதத்தில் எந்த பஸ், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள், கூட வரும் அக்கா யார் என்று எழுதினால் தாய்மார் சம்மதிப்பார்கள். “நிகழ்ச்சி நன்றாக இருக்கும்” என்று எழுதினால் சம்மதிக்கமாட்டார்கள்.

ஜூலை 2, புதன்

அணித்தலைவர்களை வைத்துச் சீட்டுக் குலுக்கினோம்.

11 அணி, தோற்றால் வெளியேறும் முறை. 2, 4, 8, 16 என்று இரட்டிக்கும் வரிசையில் பதினொன்றுக்கு மேலே வரும் எண் 16. 16இலிருந்து 11 போக 5. அந்த ஐந்து அணியும் முதல் சுற்று ஆடாமல் நேரே கால் இறுதிக்குப் போகும். மிச்சம் ஆறு அணி மூன்று போட்டி ஆடும். மூன்று வெற்றியும் ஐந்தும் சேர்ந்து எட்டு. மொத்தம் 10 போட்டி. எத்தனை அணியானாலும் போட்டித் தொகை அணித் தொகையில் ஒன்று குறைவுதான். கணக்கு சரியா என்று பார்க்க இதுவே போதும்.

நேரேபோகும் ஐந்து இடத்தையும் “பழைய கழகம்”, “நல்ல அணி” என்று பார்த்துக் கொடுத்தால் அன்றைக்கே சண்டை. எல்லாரும் பார்க்கச் சீட்டு எடுக்க வேண்டும். மணி குறிப்பதில் மட்டும் ஒருங்கிணைப்பாளர் கை வைக்கலாம். நிலாவுக்குப் பிறகு ஓரிரு நாளில் சிலர் கடலுக்கு இறங்கிவிடுவார்கள். கரையோர அணித்தலைவர் ஒருவர் சொன்னது: “வலையில மீன் கழட்டி முடிய எட்டரை ஆகும் அண்ணா. அதுக்கு முன்னம் போட்டா நாங்க வோக்கோவர்தான்.” வோக்கோவர் என்றால் ஆடாமலே தோற்பது. சீட்டில் யாரோடு யார் என்பது மாறாது, அவர்களுடைய போட்டி எத்தனை மணிக்கு என்பது மாறும்.

அட்டவணை: முதல் சுற்று காலை 6.45, 7.15, 7.45. கால் இறுதி 8.15, 8.45, 9.15, 9.45. இவை 25 புள்ளி, ஒரு செற். ஆட்டம் 20 – 25 நிமிடம், அணி மாற 5 நிமிடம். 10.15க்கு மைதானம் காலி. இந்த மாதத்தில் கச்சான் காற்று பத்து மணிக்கு மேல் நெருப்பாக வீசும். பந்து வளையும், பொடியளும் வாடிப்போவார்கள். அரையிறுதி 3.15, 3.55, மூன்று செற்றில் இரண்டு, 15 புள்ளிப்படி. இறுதி 5.05க்கு, 25 புள்ளிப்படி மூன்றில் இரண்டு. ஆறரைக்குப் பொழுது படும், அதற்கு முன் கிண்ணம் கொடுத்தாக வேண்டும். பரிசளிப்பில் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேச்சு, அதற்கு மேல் இல்லை.

10 நிமிடம் பிந்தினால் வோக்கோவர். இந்த விதியில் பதினொரு தலைவர்களின் ஒப்பமும் வாங்கியாயிற்று.

ஜூலை 8, செவ்வாய்

130 பேருக்கான கணக்கு: 11 அணி, அணிக்கு 10 பேர், நடத்துபவர்கள் 20 பேர்.

தண்ணீர் ஆளுக்கு 3 லீற்றர், 390 லீற்றர். 20 லீற்றர் கலன் இருபது. இதைக் கூடுதல் என்று யாராவது குறைக்கச் சொல்வார்கள், குறைக்கக் கூடாது. ஜீவனி (நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) பைக்கற் 15, ஒன்றுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், அரைப் போத்தலில் கரைத்துக் கொடுப்பது பிழை. பைக்கற் முடிந்துவிட்டால் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு.

அவித்த கடலை ஆளுக்கு 100 கிராம், 13 கிலோ. காய்ந்த கடலை ஊறி அவிந்தால் இரண்டு மடங்காகும், ஆகவே ஆறரைக் கிலோ வாங்கி இரவே ஊறப்போட வேண்டும். தாளித்து, தேங்காய்ச் சொட்டுப் போட்டால் எல்லாருக்கும் பொதுவான சாப்பாடு. ஹலாலா, சைவமா என்ற கேள்வியே எழாது. றோல்ஸ் வாங்கினால் மூன்று தட்டு வைக்க வேண்டிவரும். தேங்காய்ச் சொட்டை 9 மணிக்குப் பிறகுதான் கலக்க வேண்டும், வெயிலில் புளித்துவிடும்.

ரெஜிபோம் பெட்டியில் ஐஸ். கணுக்கால் பிரண்டால் துணியில் சுற்றி 15 – 20 நிமிடம், தோலில் நேரே வைக்கக் கூடாது. 1990 இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் உள்ளே வர வாசலை மறிக்காமல் மோட்டார் சைக்கிள் விட ஒருவர் பொறுப்பு. சிறுவர் பாதுகாப்புக்கான 1929 இலக்கத்தைப் பதாகையின் கீழே பெரிதாக அடித்திருக்கிறோம்.

ஜூலை 11, வெள்ளி

ஜும்ஆ முடிந்து மூன்று மணிக்கு மைதானம். மணல் நிலம்.

ஆடுகளம் 18 x 9. ஒரு பக்கக் கோட்டை வடக்குத் தெற்காகப் பிடித்தால் மாலைச் சூரியன் எந்த அணிக்கும் முகத்தில் அடிக்காது. நடுக்கோட்டால் பிரியும் ஒவ்வொரு பாதியும் 9 மீற்றர்ச் சதுரம், அதன் மூலைவிட்டம் 12.73 மீற்றர். நாடாவைப் பிடித்து இரண்டு மூலைவிட்டமும் அந்த அளவு வரும்வரை முளையை நகர்த்த வேண்டும். கண் மட்டத்துக்குப் போட்டால் ஒரு பக்கம் அரை மீற்றர் கோணும், கோணியது நாலாவது போட்டியில்தான் தெரியும், அப்போது எந்தப் புள்ளி செல்லும் என்று வாக்குவாதம் வரும்.

கோடுகளின் மொத்த நீளம் 81 மீற்றர்: சுற்று 54, நடுக்கோடு 9, மூன்று மீற்றர்க் கோடுகள் இரண்டும் 18. மணலில் சுண்ணாம்பு ஒரு போட்டிக்கு மேல் நிற்காது. சுட்ட சுண்ணாம்பாக இருந்தால் வியர்வை பட்டுத் தோலும் கண்ணும் வெந்துவிடும். நீல நாடாக் கயிறு 90 மீற்றர் வாங்கினால் முடிச்சுக்கும் சேர்த்துப் போதும். மூலைகளில் ஆணி அடிப்பதைப் பல இடத்தில் காண்கிறோம், வெறுங்காலில் ஓடும் பிள்ளைகளுக்கு அது கத்தி. ஒரு சாண் தடியின் நடுவில் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்தில் படுக்கையாகப் புதைத்து மிதித்தால் அசையாது, மேலே ஒன்றும் நீட்டிக்கொண்டிராது.

தூண்கள் பக்கக் கோட்டிலிருந்து ஒரு மீற்றர் வெளியே, சீமெந்து நிரப்பிய லொறிச் சக்கரத்தில். வலையின் உயரத்தை நடுவில் அளக்க வேண்டும், 2.43 மீற்றர். ஓரங்கள் இரண்டும் ஒரே உயரம், நடுவை விட 2 சென்ரிமீற்றருக்கு மேல் கூடக் கூடாது. புதுக் கயிறு இரவு இழுபடும், காலையில் திரும்பவும் அளவு.

கச்சான் காற்றுக்குத் தகரக் கொட்டிலும் துணிக் கூடாரமும் பறக்கும். வேப்பமர நிழலே பார்வையாளருக்கு. பதாகையில் காற்றுப் போக அரைவட்டமாக ஆறு வெட்டு.

ஜூலை 12, சனி

6.45க்குத் தொடங்கி 10.20க்குக் காலைப் பகுதி முடிந்தது. வலைப்பந்து 9.35. கோட்டு நடுவர்களை அடுத்துக் காத்திருக்கும் அணிகளிலிருந்து எடுத்தது நல்ல ஏற்பாடு, அணிகளும் மைதானத்தை விட்டுப் போகவில்லை. 8.45 கால் இறுதிக்குக் கரையிலிருந்து நேரே, சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்தார்கள், ஒன்பது பேர். வோக்கோவர் ஒன்றும் இல்லை. ஜீவனி 15உம் முடிந்தது. மாலையில் இறுதி 6.15க்கு முடிந்தது.

ஜூலை 14, திங்கள்

கணக்கு. 48 மணித்தியாலத்துக்குள் மூடாத கணக்கு ஆறு மாதத்துக்கு மூடாது. பில்களை ஏ4 தாளில் ஒட்டி, இலக்கமிட்டு, காசேட்டில் அதே இலக்கம். கடைகளில் தரும் மெஷின் பில்லின் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும், இன்றைக்கே போட்டோக் கொப்பி எடுத்துப் பின்னால் வைக்க வேண்டும். டிராக்டர்காரர் பில் தரமாட்டார். வெள்ளைத்தாளில் தொகை, வேலை, திகதி, அவருடைய பெயர், அடையாள அட்டை இலக்கம், ஒப்பம். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் சான்று. முழுக் கணக்கும் ஒரு பக்கத்தில் எழுதிப் பதினொரு கழகத்துக்கும் போகிறது. நன்கொடை தந்தவர்களுக்கும் அதே பக்கம்.

ஜூலை 19, சனி

போட்டிக்கு வந்த புதுமுகங்களின் பெயர்கள் அணிப் படிவங்களில் இருக்கின்றன. ஒரு வாரத்துக்குள் கழகச் செயலாளர் அழைத்துப் பேசாவிட்டால் அந்தப் பெயர்கள் படிவத்திலேயே நின்றுவிடும். குழுச் செய்தி போதாது, பெயர் சொல்லி அழைக்க வேண்டும். கேட்க வேண்டியது ஒரே கேள்வி: “தம்பி, உங்களுக்கு எந்த நேரம் வசதி?” பதிலைப் பதிவேட்டின் கடைசி நிரலில் எழுத வேண்டும்.

அடுத்தது கடற்கரைச் சிரமதானம். நிக்கினிப் போயா ஓகஸ்ட் 8, வெள்ளி. சனி 9 காலை 6.30 – 8.30 என்று உத்தேசம், கரைவலை இழுக்கும் பாடுகளை (இடங்களை) விட்டு. தடித்த கையுறை 60 சோடி, உரச் சாக்கு 80, கண்ணாடிக்கு மட்டும் நான்கு வாளி. சபையின் டிராக்டர் 9 மணிக்கு வரும் என்று எழுத்தில் கிடைத்த பிறகே கழகங்களுக்கு அறிவிப்பு போகும். கட்டி வைத்த சாக்குகளை அன்றே ஏற்றாவிட்டால் இரவில் நாய்கள் கிழித்துக் கரை முழுவதும் இழுத்துவிடும். கடிதம் திங்கட்கிழமை.